மாயாபந்தரிலிருந்து திரும்பிய பேட்டரிகள்

திங்கள், விடியற்காலை நாலு மணி, போர்ட் பிளேர்

இந்த ஊருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். பெயர்ப்பலகைகள் மாறிவிட்டன, வாய்கள் இன்னும் மாறவில்லை. பேருந்து நிலையத்தில் நடத்துனர் என்னிடம், "போர்ட் பிளேர் டு மாயாபந்தர், இருநூத்தி எண்பது மேடம்" என்றுதான் டிக்கெட் கிழித்தார். தூரம் இருநூற்று நாற்பது கிலோமீட்டர் இருக்கும். எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று கேட்டேன். மதியச் சாப்பாட்டை வழியில் ரங்கத் என்ற ஊரில் முடித்துக்கொள்ளச் சொன்னார். கோவையிலிருந்து சென்னைக்கு இதைப்போல் இரண்டு மடங்கு தூரம். அங்கே இதைவிடச் சீக்கிரம் போய்விடலாம்.

நான் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவள் இல்லை. கடலில் முங்கிப் பவளம் பார்க்கிறவர்கள் ஹேவ்லாக் தீவுக்குப் போகிற படகில் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், நான் செத்த பேட்டரி பார்க்க வடக்கே போய்க்கொண்டிருந்தேன். கோவையில் இன்வெர்ட்டர் பேட்டரி செய்யும் நடுத்தரக் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. பேட்டரியைச் செய்து விற்றவர்களே அது ஆயுள் முடிந்த பிறகு திரும்ப எடுத்து, பிரித்து, ஈயத்தை மீட்கவேண்டும் என்று சட்டம் வந்த பிறகு எங்கள் அலுவலகத்தில் 'திரும்பப் பெறும் பிரிவு' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். விற்பனைப் பிரிவுக்கு ஒரு மாடி முழுக்க இருக்கிறது. திரும்பப் பெறும் பிரிவு என்பது நானும் ஒரு கம்ப்யூட்டரும்தான்.

மாயாபந்தரில் எங்களுக்கு ஒரே ஒரு டீலர், நைனா முகம்மது. அப்பா காலத்தில் ராமநாதபுரம் பக்கமிருந்து வந்த குடும்பம். பொங்கலுக்குப் பிறகு அவர் ஒரு பேட்டரிகூட ஆர்டர் போடவில்லை. என்னவென்று கேட்டதற்கு, "பழசு இங்கேருந்து போகாம புதுசு இங்கே வராது" என்று ஒரே வரியில் பதில் அனுப்பிவிட்டார். விற்பனைப் பிரிவுக்கு அப்போதுதான் என் பிரிவு ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது. "நேர்ல போய் நாலு வார்த்தை பேசிச் சமாதானப்படுத்திட்டு வாங்க" என்று மேலாளர் சொன்னார். ஒரு கிலோ மைசூர்பாகும் வாங்கித் தந்தார்கள். பேட்டரிக்கு மைசூர்பாகு பதிலாகுமா என்று அந்த மாடியில் யாருக்கும் தோன்றவில்லை.

காலை ஆறு மணி, ஜிர்காடாங்

அந்தமானில் ஐந்து மணிக்கே நன்றாக விடிந்துவிடுகிறது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் பேருந்துகளும் லாரிகளும் கார்களும் வரிசைகட்டி நின்றன. இதற்கு அப்பால் ஜாரவா பழங்குடி மக்களின் காடு. வண்டிகள் குறித்த நேரத்தில், காவலோடு, மொத்தமாகத்தான் போகவேண்டும். நடுவில் நிற்கக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, எதையும் வெளியே எறியக்கூடாது. தேநீர்க் கடையில் டீ பதினைந்து ரூபாய், வடை பத்து.

வரிசையை வேடிக்கை பார்த்துக்கொண்டே டீ குடித்தேன். எங்கள் பேருந்தின் கூரைமேல் ஒரு வாஷிங் மெஷின் கயிற்றால் கட்டிக் கிடந்தது. முன்னால் நின்ற லாரியில் பெயின்ட் டப்பாக்கள், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு பெரிய டி.வி. பெட்டி. எல்லாம் வடக்கே போகிற சாமான். நடத்துனர் பக்கத்தில் வந்து நின்றார். பேச்சுக்கொடுத்தேன். திருநெல்வேலிக்காரர், பிறந்தது ரங்கத்தில்.

"திரும்பி வர்ற லாரியில என்ன இருக்கும் அண்ணே?"

"பாக்கு இருக்கும், கொப்பரை இருக்கும். சீசன் இல்லைன்னா காலியா வரும்" என்றார். "கப்பலும் அப்படித்தான் மேடம். மெயின்லேண்ட்ல இருந்து முட்ட முட்ட ரொப்பிக்கிட்டு வருது, போறப்ப ஹல்கா, லேசாப் போகுது. சப் ஆத்தா ஹை, குச் ஜாத்தா நஹி. எல்லாம் வரும், ஒண்ணும் போவாது."

"அப்போ பழசெல்லாம் எங்கே போகும்?"

"எங்கே போவும்? இங்கேதான் கிடக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் விசில் ஊதப் போனார்.

காடு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டது. மரங்களின் உச்சியைப் பார்க்க ஜன்னலில் கழுத்தை ஒடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அது முடிந்ததும் மிடில் ஸ்ட்ரெய்ட் என்ற இடத்தில் பேருந்தையே படகில் ஏற்றினார்கள். பாரதாங் கரையில் இறங்கி மறுபடி சாலை. ரங்கத்தில் நூற்றி அறுபது ரூபாய்க்கு மீன் சாப்பாடு. சூரை மீன் குழம்பு, நம் ஊர்ப் புளியோடு. அதற்காகவே இன்னொரு முறை வரலாம்.

பிற்பகல் இரண்டரை, மாயாபந்தர்

மாயாபந்தர் ஒரு நீண்ட குன்றின் முதுகில் உட்கார்ந்திருக்கும் சின்ன ஊர். கீழே படகுத்துறை, மேலே அலுவலகங்கள், இரண்டு பக்கமும் கடல். நைனா முகம்மது பேருந்து நிறுத்தத்துக்கே வந்துவிட்டார். ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா. சண்டைக்காரர் ஒருவரை எதிர்பார்த்துப் போன எனக்கு அவருடைய மரியாதை கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"வாங்க மேடம், வாங்க. பயணமெல்லாம் சௌகரியமா? முதல்ல வீட்டுக்கு வந்து டீ குடிங்க. பேட்டரி எங்கேயும் ஓடிப்போகாது. ஓடிப்போனா நான் ஏன் உங்களைக் கூப்பிடுறேன்?"

கடை முன்பக்கம், வீடு பின்பக்கம். வீட்டுக்கும் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று. கதவைத் திறந்து காட்டினார். உள்ளே எங்கள் கம்பெனி பேட்டரிகள் சுவர்மாதிரி அடுக்கியிருந்தன. நூற்றுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றும் ஐம்பது கிலோவுக்குக் குறையாது. புதுப் பேட்டரி விற்கும்போது பழையதை அவர் கேட்டு வாங்கி வைத்துவிடுகிறார். எங்கள் விளம்பரத் தாளில் அப்படிச் செய்யச் சொல்லி நாங்கள்தான் அச்சடித்திருந்தோம்.

கொட்டகைக்குப் பத்தடி தள்ளிக் கிணறு. மூன்று வீட்டுக்குப் பொதுக் கிணறு. நைனா வீடு, மண்டல் என்கிற வங்காளிக் குடும்பம், ஒரு தெலுங்கு மீனவர் வீடு.

நைனாவின் மனைவி ரஹ்மத் டீயோடு வந்தார். மைசூர்பாகை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். "அக்கா, இந்தத் தரை மண்ணு. இன்னும் ரெண்டு வாரத்துல மழை இறங்கிரும். இறங்கினா இந்தக் கொட்டகைக்குள்ள கணுக்கால் தண்ணி நிக்கும். அதுக்கப்புறம் அந்த ஆசிட்டு எங்கே போகும்? கிணத்துக்குத்தான். பக்கத்து வீட்டுல கைப்புள்ளை இருக்கு. இவுககிட்ட நான் சொல்லிட்டேன். மழைக்கு முன்னாடி இது போகணும், இல்லைன்னா பேட்டரி வியாபாரத்தையே மூடணும்."

"மூடிட்டு?" என்றேன்.

"பல்பு விக்கட்டும், ஃபேன் விக்கட்டும். புள்ளைங்க குடிக்கிற தண்ணிக்கு மேலயா வியாபாரம்?"

நைனா தலையைக் கவிழ்த்துக்கொண்டார். கடையின் வருமானத்தில் பாதிக்கு மேல் பேட்டரிதான் என்று பிறகு சொன்னார். வடக்கே கிராமங்களில் மின்சாரம் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பேட்டரி இல்லாமல் இங்கே ஐஸ் பெட்டி ஓடாது, பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் ஓடாது.

"வாங்குறதுக்கு ஆள் வராம இல்லை மேடம். வலைக்கு ஈயம் கட்டுறவங்க வந்து கேட்டாங்க. அடுப்புல வச்சு உருக்கி குண்டு போட்டுக்குவாங்க. கைமேல காசு. ஆனா அந்தப் புகை யாருக்கு? அவங்க வீட்டுப் புள்ளைங்களுக்குத்தான். தெரிஞ்சே எப்படிக் கொடுக்குறது? கொடுக்கலை."

எனக்கு வெட்கமாக இருந்தது. இவர் கேட்டது எங்களிடம் சட்டம் கேட்பதைத்தான், அதற்கு மேல் ஒரு துளியும் இல்லை. அதற்குப் போய் நான் இனிப்புப் பெட்டியோடு வந்திருந்தேன்.

பையிலிருந்து அமிலம் பார்க்கும் வண்ணத் தாளை எடுத்துக் கிணற்றுத் தண்ணீரில் நனைத்தேன். ரஹ்மத்தும் தண்ணீர் எடுக்க வந்த வங்காளி வீட்டு அம்மாவும் குனிந்து பார்த்தார்கள். தாள் நிறம் மாறவில்லை. அமிலம் இன்னும் எட்டவில்லை. ஈயத்தை இந்தத் தாள் காட்டாது என்று சொல்லி, பரிசோதனைக்குக் கொண்டுபோக ஒரு பாட்டில் தண்ணீரும் பிடித்துக்கொண்டேன். "அப்போ இன்னும் டைம் இருக்கு" என்று நைனா சொன்னார். ரஹ்மத் வானத்தைப் பார்த்தார்.

மாலை ஐந்து மணி, கடையில்

நைனா எங்களிடம் கேட்காமல் இல்லை. எங்கள் செயலியில் 'பழைய பேட்டரி எடுத்துச் செல்ல' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அவர் அழுத்தியிருக்கிறார். 'உங்கள் வாசலுக்கு வண்டி புறப்பட்டுவிட்டது' என்று உடனே பதில் வந்திருக்கிறது.

"நானும் ரஹ்மத்தும் சிரியோ சிரின்னு சிரிச்சோம்" என்றார். "மறுநாள் சென்னையிலேருந்து டிரைவர் ஒருத்தர் ஃபோன் பண்றாரு. 'சார், ஹார்பர் கேட்டுக்கிட்ட நிக்கிறேன், மேப்பு இதோட முடிஞ்சுபோச்சு, எந்தப் பக்கம் திரும்பணும்'ங்கிறாரு. 'எங்கேயும் திரும்பாதீங்க பாய், நேரா இறங்கி வாங்க, மூணு நாள்ல வந்துரலாம்'னேன். பாவம், அவர் என்ன பண்ணுவாரு? டீ குடிச்சிட்டுப் போங்கன்னு சொல்லி வச்சிட்டேன்."

அதன்பிறகு 'வாடிக்கையாளர் தொடர்பில் இல்லை' என்று எங்கள் கம்ப்யூட்டர் அந்தக் கோரிக்கையை மூடிவிட்டது. கம்ப்யூட்டருக்குத் தெரிந்த இந்தியாவில் கடல் கிடையாது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அதே அளவுக்கு எரிச்சலும் வந்தது. புது பேட்டரி அனுப்பும்போது மட்டும் கப்பல் எங்கிருந்து எப்போது கிளம்பும் என்று எங்கள் ஆட்களுக்குத் தலைகீழாகத் தெரிகிறது.

"பாய், நான் சமாதானம் பேச வந்தேன். இப்ப அது வேண்டாம். பழசை அனுப்பிட்டே போறேன்" என்றேன்.

நைனா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். பிறகு, "புதன்கிழமை சரக்குப் படகு ஒண்ணு வருது. சிமெண்டு இறக்கிட்டு போர்ட் பிளேருக்குக் காலியாத்தான் போகும். அங்கேருந்து சென்னைக் கப்பல்ல மாத்திவிட ஆள் இருக்கு" என்று மடமடவென்று சொன்னார். இதையெல்லாம் அவர் எப்போதோ யோசித்து வைத்திருக்கிறார். கம்பெனி ஆள் ஒருவர் வந்து 'சரி' என்று சொல்வதற்குத்தான் காத்திருந்திருக்கிறார்.

செவ்வாய்

மதியம்வரை நான் ஃபோனில் இருந்தேன். மாயாபந்தரில் சிக்னல் கிடைக்கும் இடத்தைத் தேடி நடந்ததில் ஊரை நன்றாகச் சுற்றிப் பார்த்தாயிற்று. பழைய பேட்டரியைக் கடல்வழி அனுப்ப என்னென்ன வேண்டும் என்று கேட்டறிந்தேன். அமிலத்தைக் கொட்டக்கூடாது, மூடி இறுக்கமாக இருக்கவேண்டும், முனைகளை மூடி ஒட்டவேண்டும், சாயாமல் நிமிர்த்தி அடுக்கவேண்டும். நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அதெல்லாம் நான் பாத்துக்குறேன், நீங்க கர்மதாங் பீச்சு போய்ட்டு வாங்க" என்று ஒரு ஆட்டோ பிடித்து அனுப்பிவிட்டார். பதின்மூன்று கிலோமீட்டர், போக வர நானூறு ரூபாய்.

கர்மதாங் கடற்கரையில் ஆமைகள் முட்டையிட்டுப் போகிற காலம் முடிந்திருந்தது. ஆள் அரவம் இல்லாத மணல். ஓரத்தில் அலை ஒதுக்கிய பாட்டில்கள், செருப்புகள், சோப்பு உறைகள். பாட்டில்களில் தாய்லாந்து எழுத்து இருந்தது, பர்மிய எழுத்து இருந்தது, நம் இந்தியும் இருந்தது. எல்லாவற்றிலும் செய்தவன் பெயர் மட்டும் அழியாமல் பளிச்சென்று இருந்தது. எடுக்க வந்தவன் ஒருவனும் இல்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டு இருட்டும்வரை நடந்தேன். அங்கே அது ஐந்தரை மணி.

புதன், காலை ஒன்பது மணி, படகுத்துறை

இரண்டு சின்ன வேன்களில், பல நடையாக, பேட்டரிகள் வந்து இறங்கின. இறங்கியதைப் பார்த்து நான் அசந்துபோனேன். ஒவ்வொரு பேட்டரியும் எங்கள் கம்பெனியின் சொந்த அட்டைப்பெட்டிக்குள் இருந்தது. தெர்மோகோல் வைத்து, நாடா ஒட்டி, மூலைகளுக்கு அட்டை முட்டுக் கொடுத்து, தொழிற்சாலையிலிருந்து நேற்று வந்ததைப்போல.

"எப்படிப் பாய்?"

"பொட்டியை யாரு மேடம் தூக்கிப்போடுவா இந்தத் தீவுல? ஒவ்வொண்ணையும் பிரிச்சு, மடிச்சு, பரண்ல வச்சிருந்தேன்" என்றார், பெருமையாக. "கடல் சாமான்னா பேக்கிங் பக்காவா இருக்கணும். ரஹ்மத்து, நான், மண்டல் தாதா வீட்டுல எல்லாரும் உக்காந்து கட்டினோம்." இங்கே வங்காளிகளைத் தாதா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இங்கே எந்தப் பொருளும் மூன்று நாள் கடலில் ஆடித்தான் வந்து சேர்கிறது. அதனால் நல்ல பெட்டி என்றால் இவர்களுக்கு ஒரு தனி மரியாதை. திரும்பிப் போகிற பொருளுக்கும் அந்த மரியாதையைக் கொடுத்திருந்தார்கள். அதுதான் வினையாகப் போயிற்று.

சரக்குப் பதிவு செய்யும் குமாஸ்தா பிஸ்வாஸ், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பெட்டிகளைச் சுற்றி வந்தார். பெட்டிமேல் எங்கள் விளம்பரக் குடும்பம் குழல்விளக்கின் கீழ் சிரித்துக்கொண்டிருந்தது.

"யே தோ நயா மால் ஹை" என்றார்.

புதுச் சரக்கு மெயின்லேண்டுக்குப் போவதாவது! அவருடைய இத்தனை வருட வேலையில் அப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை. தீவுக்கு வந்த புதுச் சாமானை யாராவது இங்கிருந்து கடத்துகிறார்களோ என்று அவருக்குச் சந்தேகம். சொல்லப்போனால் சந்தேகப்படாமல் இருந்திருந்தால்தான் அவர் வேலையில் குறை.

"புரானா ஹை தாதா, அந்தர் சப் மரா ஹுவா", பழசுதான், உள்ளே எல்லாம் செத்தது என்று நைனா பதறினார். ஒரு பெட்டியைப் பிரித்துக் காட்டினார். உள்ளே பேட்டரி பழையதுதான். ஆனால் அதையும் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள்.

பிஸ்வாஸ் சிரிக்கவில்லை. பழசு என்றால் வேறு விதி என்றார். பெட்டிமேல் ஒன்று, உள்ளே ஒன்று என்று அவர் ஏற்றமாட்டார். எல்லாவற்றையும் பிரிக்கவேண்டும், ஒவ்வொன்றிலும் 'பழையது' என்று எழுதவேண்டும். அதைவிட முக்கியமாக, ஆபத்தான கழிவை ஒரு சில்லறைக் கடைக்காரர் தன் பெயரில் அனுப்பமுடியாது. படகு பன்னிரண்டரைக்குக் கிளம்பும். அடுத்த படகு எப்போது என்று கேட்டேன். மழை தொடங்கிவிட்டால் சொல்லமுடியாது என்றார்.

"மால் கிஸ்கா ஹை?" என்று கேட்டார். சரக்கு யாருடையது?

நைனா என்னைப் பார்த்தார். பிஸ்வாஸும் என்னைப் பார்த்தார். துறையில் காத்திருந்த பயணிகள்கூட என்னைத்தான் பார்த்தார்கள்.

நான் மேலாளரை அழைத்தேன். நான்காவது முறை லைன் கிடைத்தது. கதையைச் சொன்னேன். கம்பெனி பெயரில் கையெழுத்துப் போட அனுமதி கேட்டேன்.

"அவசரப்படாதீங்க" என்றார். "இன்னைக்கு நம்ம பேர்ல ஏத்தினா, நாளைக்குத் தீவுல இருக்கிற அத்தனை டீலரும் கேப்பான். தெக்குக் கோடியில இருக்கிற கேம்பல் பேயிலேருந்துகூடக் கேப்பான். அந்த டீலர் பேர்லயே போட முடியுமா பாருங்க. இல்லைன்னா விடுங்க, வந்ததும் பேசிக்கலாம்."

வந்ததும் பேசிக்கலாம் என்பதற்கு எங்கள் அலுவலகத்தில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"சார், பெட்டிமேல நம்ம பேர் இருக்கு. பெட்டியைப் பிரிச்சா உள்ளேயும் நம்ம பேர்தான் இருக்கு. சரக்கு யாரோடதுன்னு இங்கே ஒருத்தர் கேட்டுட்டு நிக்கிறார். வேற யாரோடதுன்னு நான் சொல்லட்டும்?"

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"போடுங்க" என்றார் மேலாளர். பிறகு, "சென்னையில எடுக்க வண்டி நான் ஏற்பாடு பண்றேன். இந்தத் தடவை கேட்டுக்கு வெளியே இல்லை, உள்ளேயே நிக்கச் சொல்றேன்" என்றார். அவரும் மனிதர்தான்.

"மால் ஹமாரா ஹை", சரக்கு எங்களுடையது என்று பிஸ்வாஸிடம் சொன்னேன். என் இந்தியில் அதற்கு மேல் நீளமான வாக்கியம் வராது. அவருக்கு அது போதுமாக இருந்தது. கண்ணாடியை இறக்கிக்கொண்டு எழுத உட்கார்ந்தார்.

பிறகு நடந்ததை நான் மறக்கமாட்டேன். நூற்றுச் சொச்சம் பெட்டிகளைப் பிரிக்கவேண்டும், இருந்தது இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. நைனா ஒரு சத்தம் கொடுத்தார். சுமை தூக்குகிறவர்கள், படகுக்குக் காத்திருந்த, பர்மாவிலிருந்து குடியேறிய கரேன் மக்களின் வெபி கிராமத்துப் பெண்கள் இருவர், தெலுங்கு மீனவர், மண்டல் தாதா, ரஹ்மத், ஒரு பள்ளிக்கூட வாத்தியார், எல்லோரும் உட்கார்ந்து அட்டையைக் கிழித்தார்கள். வாத்தியார் பெயின்ட் வாங்கிவந்து, ஒவ்வொரு பேட்டரியிலும் 'புரானா' என்று அழகாக இந்தியில் எழுதினார். "கிழிக்காதீங்க, நாடாவை மட்டும் அறுங்க, பொட்டி வேணும்!" என்று ரஹ்மத் கத்திக்கொண்டே இருந்தார். நாலைந்து மொழியில் வேலை நடந்தது. யார் என்ன சொன்னாலும் எல்லோருக்கும் புரிந்தது.

படகு பன்னிரண்டரைக்குக் கிளம்பவில்லை, ஒன்றேகாலுக்குத்தான் கிளம்பியது. பிஸ்வாஸ்தான் நிறுத்தி வைத்திருந்தார். ஆனால் அதைப்பற்றி யாரும் பேசவேண்டாம் என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார். பேட்டரிகள் நிமிர்ந்து வரிசையாக நின்று போயின. படகு தீவின் முனையைத் திரும்பும்வரை நைனா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றார்.

"போயிருச்சு மேடம்" என்றார். "எங்க அத்தா காலத்திலேருந்து வியாபாரம் பண்றோம். இங்கேருந்து ஒரு சாமான் திரும்பிப் போய் இன்னைக்குத்தான் பாக்குறேன்." அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

வியாழன், காலை ஆறு மணி

இரவே மழை பிடித்துக்கொண்டது. இரண்டு வாரம் என்று ரஹ்மத் போட்ட கணக்கை வானம் கேட்கவில்லை. விடிந்ததும் குடையோடு போய்ப் பார்த்தேன். கொட்டகைக்குள் சேறு, அவ்வளவுதான். சிந்தியிருந்த அமிலத்தைக் கட்டுப்படுத்த முந்தைய மாலையே தரை முழுக்கச் சுண்ணாம்பு தூவச் சொல்லியிருந்தேன். வங்காளி வீட்டு அம்மா இடுப்பில் குழந்தையோடு நின்று, பேட்டரி இருந்த இடத்தையும் கிணற்றையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு அவர் மொழி தெரியாது. என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனார். கோவைக்குப் போனதும் முதல் வேலை அந்தத் தண்ணீர் பாட்டிலைச் சோதனைக்குக் கொடுப்பது என்று முடிவு செய்துகொண்டேன்.

பேருந்துக்கு வழியனுப்ப நைனா வந்தார். புது பேட்டரிக்கு ஆர்டர் சொன்னார். நான் கேட்கவே இல்லை, அவராகத்தான் சொன்னார்.

"ஆனா ஒண்ணு மேடம். நீங்க எத்தனை அனுப்புறீங்களோ, நாலஞ்சு வருஷத்துல அத்தனையும் உங்களுக்கே திரும்பி வரும். அதைத் தெரிஞ்சு அனுப்புங்க."

"வரட்டும் பாய். ஆனா தயவுசெஞ்சு புதுப் பொட்டியில போட்டு அனுப்பாதீங்க" என்றேன். வாய்விட்டுச் சிரித்தார்.

பேருந்தில் உட்கார்ந்து கோவையை நினைத்துக்கொண்டேன். எங்கள் தெருவில் ஞாயிறுதோறும் பழைய சாமான்காரர் வருகிறார். டி.வி., மிக்ஸி, பேட்டரி, எதைக் கொடுத்தாலும் வண்டியில் போட்டுக்கொண்டு திருப்பத்தில் மறைந்துவிடுகிறார். அதற்கப்புறம் அது எங்கே போகிறது, யார் அடுப்பில் உருகுகிறது என்று இந்த வேலையில் இருக்கும் நானே ஒரு நாளும் தொடர்ந்து போய்ப் பார்த்ததில்லை. ஊர் பெரியது, மறைக்க இடம் நிறைய. மாயாபந்தரில் அப்படி மறைக்க இடம் கிடையாது. கொட்டகை, கிணறு, கடல், மூன்றும் ஒரே பார்வைக்குள் அடங்கிவிடுகின்றன. அந்த ஒரு காரணத்துக்காகவே எங்கள் மாடியில் இருக்கும் அத்தனை பேரையும் ஒருமுறை இங்கே கூட்டிவர வேண்டும்.

காலை ஒன்பதரை, ரங்கத்

பேருந்து டீக்கு நின்றது. மழை விடவில்லை. ஜன்னலை ஒரு அம்மா தட்டினார். நாற்பது வயது இருக்கும், தலையில் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார். "பேட்டரி மேடம் நீங்கதானே? நைனா பாய் ஃபோன் பண்ணாரு" என்றார். ரங்கத்தில் எலக்ட்ரிகல் கடை வைத்திருப்பவராம், பெயர் செல்வி. செய்தி என் பேருந்தைவிட வேகமாக வந்திருந்தது.

"என்கிட்டயும் கிடக்குது மேடம், அறுபது எழுபது இருக்கும். ஆனா உங்க கம்பெனி இல்லை." வேறு இரண்டு கம்பெனிகளின் பெயரைச் சொன்னார். இரண்டும் எங்களைவிடப் பத்து மடங்கு பெரியவை. "கேட்டுக் கேட்டு சலிச்சுப்போச்சு. தீவுன்னா எடுக்க வழியில்லை, முடியாதுன்னு ஒரே பேச்சு. நீங்க எடுத்துக்குவீங்களா?"

என்னால் எடுக்கமுடியாது என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. எடுக்கவேண்டியவர்கள் அவர்கள்தான், அவர்கள் பொருள் அது என்று சொன்னேன். அந்த இரண்டு கம்பெனியிலும் என்னைப்போலவே ஒரு மூலையில் இதே வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எண் என்னிடம் இருந்தது. செல்வியின் ஃபோனில் பதிந்து கொடுத்தேன்.

"இப்பவே கூப்பிடவா?"

"கூப்பிடுங்க."

மழைக்கு ஒதுங்கி, டீக்கடைக் கூரையின் கீழ் நின்று அவர் பேசினார். மறுமுனையில் வழக்கமான பதிலைத்தான் சொல்லியிருக்கவேண்டும். செல்வி கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டார். பிறகு குரலை உயர்த்தினார்.

"முடியாதா? நேத்துதான் சார் மாயாபந்தர்லேருந்து ஒரு லோடு போச்சு. போட்டோ அனுப்பவா?"

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. செல்வி ஃபோனைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்து, எழுத ஒரு பேனா வேண்டும் என்று சைகை காட்டினார். ஜன்னல் வழியாக என் பேனாவை நீட்டினேன். அவர் ஓடிவந்து அதை வாங்கி, "பழசை எடுக்கப் படகு எந்தத் தேதி சார்?" என்று கேட்டபடி பதிலை உள்ளங்கையில் குறித்துக்கொண்டிருந்தபோது பேருந்து கிளம்பியது.